சின்ன ஊர் வானொலியில் வேலைக்குச் சேருகிறவருக்கு

குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் உங்களை எடுத்திருப்பார்கள். நீங்களும் சேரும் நாள் வரை குரலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். பல வருடம் மைக் முன்னால் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: சின்ன ஊர் நிலையத்தில் குரல் இரண்டாம்பட்சம். பெயர், நேரம், இடம் மூன்றும் பிசகாமல் இருப்பதுதான் முதல் வேலை. பெரிய நகரத்தில் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் அந்த ஆளைத் தெரிந்தவர்கள் எங்கோ சிலர் இருப்பார்கள். சின்ன ஊரில் பெயருக்கு உரியவரே கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வீட்டாரும் எதிர்வீட்டாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மறுநாள் வழியில் உங்களைப் பார்ப்பார்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

சேரும் முன் ஒரு வாரம்

வேலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்த நிலையத்தைக் கேளுங்கள். ரசிகராகக் கேட்டால் பயனில்லை. ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டு அதைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் என்ன வருகிறது, பத்தாவது நிமிடம் என்ன, விளம்பரம் எங்கே, அறிவிப்புகள் எங்கே, எத்தனை பாட்டுக்கு ஒருமுறை அறிவிப்பாளர் பேசுகிறார் என்று வட்டத்துக்குள் குறியுங்கள். இரண்டு மூன்று நாளில் நிலையத்தின் ஒரு மணி நேர அமைப்பு உங்களுக்கே பிடிபட்டுவிடும். அந்த வட்டத்துக்குத் துறையில் ‘கிளாக்’ என்றே பெயர். முதல் நாள் யாராவது அதை விளக்க ஆரம்பிக்கும்போது நீங்கள் உங்கள் தாளை எடுத்து வைத்தால், அன்றே உங்களை நம்பி அடுத்த விஷயத்துக்குப் போவார்கள்.

அறிவிப்பாளர்கள் நிலையத்தின் பெயரை எப்படிச் சொல்கிறார்கள், நேயர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாணியைக் காட்டுவதற்குப் பிறகு நிறைய நாள் இருக்கிறது.

முதல் நாள்: பேசாமல் சுற்றிப் பாருங்கள்

சிறிய நிலையத்தில் ஒருவருக்கு ஒரு வேலை என்பது கிடையாது. காலையில் நிகழ்ச்சி நடத்துகிறவரே மதியம் விளம்பர ஒலிப்பதிவு செய்வார், மாலையில் விழா நடக்கும் இடத்துக்கு ரெக்கார்டரோடு போவார். உங்களுக்கும் அப்படித்தான் வரும். அதனால் முதல் நாளே எல்லா அறையையும் பாருங்கள்: ஸ்டுடியோ, ஒலிப்பதிவு அறை, கணினிகள் இருக்கும் அறை, யூபிஎஸ், ஜெனரேட்டர்.

ஒலியை அலையாக்கி ஊருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் அறைக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லாமல் போகாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். ஒலிபரப்பு நடக்கும்போது ஆன்டெனாவின் அருகே போனாலும் அலைவீச்சால் உடலுக்குத் தீங்கு உண்டு. இது அந்தப் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

ஸ்டுடியோவில் கற்றுக்கொள்ள வேண்டியது கன்சோல், அதாவது எல்லா ஒலிகளையும் கலந்து வெளியே அனுப்பும் பலகை. பார்த்ததும் மலைப்பாக இருக்கும். எத்தனை வரிசை இருந்தாலும் ஒவ்வொரு வரிசையும் ஒரே மாதிரிதான். மேலே ஒலி உள்ளே வரும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகி, அதற்குக் கீழே, ஒலிபரப்பில் போகும் அளவை ஏற்றி இறக்க நகர்த்தும் ஃபேடர், பக்கத்தில் ஒலிபரப்பில் போகாமல் உங்கள் காதுக்கு மட்டும் கேட்கிற கியூ பொத்தான். ஒரு வரிசை புரிந்தால் எல்லாம் புரிந்தது. எது மைக், எது பாட்டு ஓடும் கணினி, எது தொலைபேசி என்று மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கை போய்ச் சேர வேண்டும்.

மைக்கைத் திறந்தவுடன் ஸ்டுடியோ ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறி ஊளையிடும். அதனால்தான் ஹெட்ஃபோன். ஹெட்ஃபோனில் கேட்பது கன்சோலிலிருந்து நேராக வருகிறதா, டிரான்ஸ்மிட்டர் அனுப்பியதை ரேடியோ வாங்கித் தருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கன்சோலில் எல்லாம் அழகாகக் கேட்கும்போதே வெளியே ஊர் முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கலாம். ஸ்டுடியோவில் ஒரு சாதாரண ரேடியோ எப்போதும் இருப்பது அதற்காகத்தான்.

மைக்

வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். ஸ்டுடியோவில் பெரும்பாலும் இருப்பது முன்பக்கம் மட்டும் கூர்மையாகக் கேட்கும் மைக். அதற்கு மிக அருகே போனால் குரலில் கனம் கூடும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கனம் பிடித்துப்போய் மைக்கை முத்தமிடுகிற மாதிரி பேசுவார்கள். பழைய ரேடியோவில், வண்டியில், சமையலறைச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கனம் வெறும் மொத்தைச் சத்தமாகத்தான் கேட்கும். சொல் புரியாது.

நம் மொழியில் ‘ப’வில் தொடங்கும் சொற்கள் நிறைய. பள்ளி, பகல், பத்து என்று சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் பாருங்கள், காற்று அடிக்கும். அதே காற்று மைக்கில் ‘டொப்’ என்று விழும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்தில் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டால் காற்று தாண்டிப் போய்விடும், குரல் மட்டும் ஏறும்.

லெவல் (குரல் எவ்வளவு சத்தமாக ஏறுகிறது என்று) பார்க்கிறபோது ஒன்று இரண்டு மூன்று எண்ணாதீர்கள். எண்ணும் குரல் வேறு, வாசிக்கும் குரல் வேறு. வாசிக்கப் போகிற தாளையே வாசியுங்கள். டிஜிட்டல் மீட்டரில் 0 தான் உச்சி. அதைத் தொட்டால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் ஆடினால் நிம்மதி. நிலையம் வேறு அளவு வைத்திருந்தால் அதுதான் சட்டம்.

லெவல் பார்க்கும்போது விளையாட்டாகவும் எதுவும் பேசாதீர்கள். 1984 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், தன் வாராந்திர வானொலி உரைக்கு முன் மைக் சோதனையில், சோவியத் நாட்டின் மீது குண்டுவீச்சு ஐந்து நிமிடத்தில் தொடங்கும் என்று வேடிக்கையாகச் சொன்னார். அது நேரடியாக ஒலிபரப்பாகவில்லை. பதிவாகியிருந்தது, கசிந்தது, உலகமே பேசியது. மைக் திறந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் மைக் திறந்திருக்கிறது என்றே நினைத்துப் பழகுங்கள். பக்கத்து அறைக்காரரைப் பற்றிய பேச்சு, நேயரைப் பற்றிய சலிப்பு, கெட்ட வார்த்தை எதுவும் ஸ்டுடியோவுக்குள் வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் பேசாமல் இருக்கும் நொடிகளில், ஒலியைச் சமன் செய்யும் பிராசசர் கருவி இருப்பதையெல்லாம் மேலே இழுக்கும். மின்விசிறி, வளையல், காகிதத்தைப் புரட்டும் சரசரப்பு எல்லாம் கேட்கும். தாள்களைப் பின் குத்தாமல் தனித்தனியாக வைத்து, படித்ததைச் சத்தமின்றிப் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

எழுதினதைப் பேச்சாக மாற்றுவது

உங்கள் கைக்கு வரும் அறிவிப்புகள் அலுவலக மொழியில் இருக்கும். இப்படி:

“நகரின் மேற்குப் பகுதியில் நேற்று பெய்த கனமழையால் சேதமடைந்த குடிநீர்க் குழாயைச் சீரமைக்கும் பணி நடைபெற்று வருவதன் காரணமாக இன்றும் நாளையும் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும்.”

தாளில் இதில் தப்பில்லை. காதுக்கு ஆகாது. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். வாசகர் கண் கடைசிக்கு ஓடிப்போய்த் திரும்பி வரும். நேயருக்கு அந்த வசதி இல்லை. என்ன ஆகிறது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும், அதற்குள் ‘மேற்குப் பகுதி’ என்றது மறந்திருக்கும். நான் இதை இப்படி எழுதிக்கொள்வேன்:

“மேற்குப் பகுதியில் இருக்கிறவர்கள் கவனியுங்கள். இன்றைக்கும் நாளைக்கும் குடிநீர் வராது. நேற்றைய மழையில் குழாய் உடைந்துவிட்டது. சரிசெய்யும் வேலை நடக்கிறது. திரும்பவும் சொல்கிறேன். மேற்குப் பகுதிக்கு இன்றைக்கும் நாளைக்கும் தண்ணீர் இல்லை.”

யாருக்கு என்பது முதலில். என்ன என்பது அடுத்து. ஏன் என்பது கடைசியில். பிறகு முதலில் சொன்னது மறுபடி. இந்த வரிசை கைவந்துவிட்டால் எந்த அறிவிப்பையும் சமாளிக்கலாம். செய்தி வாசிப்பில் எழுத்து நடையும் நிகழ்ச்சியில் பேச்சு நடையும் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். எது எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் கலப்பதுதான் காதை உறுத்தும்.

எண்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். இரைச்சலுக்கு நடுவே எழுபதும் எண்பதும் ஒன்றாகத்தான் கேட்கும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் அப்படியே. தொலைபேசி எண் என்றால், முதலில் பேனா எடுத்துக்கொள்ளச் சொல்லி, நான்கு விநாடி பொறுத்து, இலக்கம் இலக்கமாக, இரண்டு முறை வாசியுங்கள். ‘வரும் வெள்ளிக்கிழமை’ என்று சொல்லாதீர்கள். வியாழக்கிழமை கேட்கிறவருக்கு அது நாளையா, அடுத்த வாரமா என்ற குழப்பம் வரும். கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உங்கள் வேகம் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் நிதானமாக வாசித்து எத்தனை சொல் வந்தது என்று எண்ணி, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 30 விநாடிக்கு எழுது என்று யாராவது சொன்னால் உடனே கணக்கு வந்துவிடும். மூச்சு விட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு போடுங்கள். ழகர, ளகரச் சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் ‘வழி, வலி, வளி’ என்று தினமும் பத்து நிமிடம் சொல்லிப் பழகுங்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படித்தான் சரிசெய்தார். நான்கு மாதம் ஆனது.

பெயர் நோட்டு

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். சேர்ந்த அன்றே ஒரு தடித்த நோட்டு வாங்கிவிடுங்கள். ஊரின் தெருக்கள், சுற்றியுள்ள கிராமங்கள், பள்ளிகள், வழிபாட்டு இடங்கள், பேருந்து நிறுத்தங்கள், சங்கங்கள், பொறுப்பில் இருப்பவர்கள் எல்லார் பெயரையும் எழுதுங்கள். எழுத்தில் இருப்பது ஒன்று, ஊரார் சொல்வது ஒன்றாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எங்கே அழுத்தம், எங்கே நெடில் என்று குறியுங்கள். சந்தேகம் வந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரையே கேளுங்கள். வெளியூரிலிருந்து வந்த அறிவிப்பாளர் ஒரு கிராமத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னால், அந்தக் கிராமத்தார் அவரை வெளியாளாகவே நினைத்துவிடுவார்கள். அது மாற வருடக்கணக்கில் ஆகும்.

நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாம் மாதம். மாலை நேரம், மரண அறிவித்தல் ஒன்று தொலைபேசியில் வந்தது. பேசியவர் அழுதுகொண்டே முதலில் தன் பெயரைச் சொன்னார், பிறகு இறந்துபோன அண்ணன் பெயரைச் சொன்னார். நான் இரண்டையும் ஒரே வரியில் எழுதினேன், எது யாருடையது என்று எழுதவில்லை. அரை மணி நேரம் கழித்து அந்தத் தாளைப் பார்த்து வாசித்தபோது, உயிரோடு இருந்த தம்பியின் பெயரை இறந்தவர் பெயராக வாசித்துவிட்டேன். அவருடைய மகள் வேறு ஊரில் பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். பெரியப்பா இறந்த சேதி கேட்டுக் கிளம்பியவள், வண்டியில் ஓடிய ரேடியோவில் தன் அப்பா பெயரைக் கேட்டாள். ஐந்து நிமிடத்தில் திருத்தி வாசித்தோம். அந்த ஐந்து நிமிடத்தை நான் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். துக்க வீட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு படிவம் இருக்கிறது. மேல் கட்டத்தில் ‘சொன்னவர்’. அதற்குக் கீழே தனிக் கட்டத்தில் ‘இறந்தவர்’. அடுத்து வயது, ஊர், தெரு, இறுதிச் சடங்கு நடக்கும் இடம், தேதி, கிழமை, காலையா மாலையா, மணி. எழுதி முடித்ததும் சொன்னவருக்கே முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு போனை வைத்துவிட்டு, அவர் தந்த எண்ணுக்கு நாமே திரும்ப அழைத்து உறுதிசெய்ய வேண்டும். பொய் அறிவித்தல் கொடுத்துப் பழிதீர்க்கிறவர்களும் உண்டு, அதற்கும் இந்தத் திரும்ப அழைப்புதான் காவல். உங்கள் நிலையத்தில் இப்படிப் படிவம் இல்லையென்றால் நீங்களே ஒன்று தயார்செய்து பொறுப்பாளரிடம் காட்டுங்கள். புதிய ஆள் என்று தயங்க வேண்டாம்.

தப்பு நடந்துவிட்டால் உடனே, அதே இடத்தில், சுற்றி வளைக்காமல் திருத்துங்கள். “சற்று முன் ஒரு பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன். சரியான பெயர் இது” என்று சொன்னால் போதும். தவறான பெயரை மறுபடி சொல்லாதீர்கள். அரைகுறையாகக் கேட்கிறவர் காதில் அதுதான் தங்கும்.

கடிகாரத்தோடு வேலை

வானொலியில் நேரம் முன்னோக்கி ஓடும், அறிவிப்பாளர் பின்னோக்கிக் கணக்குப் போடுவார். ஒரு கணக்கைப் பாருங்கள். செய்தி சரியாக 9 மணிக்கு. அதற்கு முன் நிலையக் குறியிசை 10 விநாடி, விளம்பரம் 1 நிமிடம் 30 விநாடி, நீங்கள் பேசுவது 20 விநாடி, அதற்கு முன் ஒரு பாட்டு 4 நிமிடம் 5 விநாடி. 9:00:00இலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். குறியிசை 8:59:50க்குத் தொடங்க வேண்டும். விளம்பரம் 8:58:20. உங்கள் பேச்சு 8:58:00. அப்படியானால் பாட்டு 8:53:55க்குத் தொடங்கியாக வேண்டும். அதற்கு முந்தைய நிகழ்ச்சி 15 விநாடி நீண்டால், நீங்கள் பேசுவதை வெட்டுங்கள் அல்லது குறைந்த நேரப் பாட்டுக்கு மாறுங்கள். செய்தியைத் தள்ளாதீர்கள். 1924 பிப்ரவரி 5 முதல் பிபிசி மணிக்கணக்கைக் காட்டும் ஆறு ‘பிப்’ ஒலிகளை ஒலிபரப்பத் தொடங்கியது. ரேடியோவைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் பழக்கம் அவ்வளவு பழையது. அந்த நம்பிக்கை இன்னும் இருக்கிறது.

இரவு நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே குரலைப் பதிவுசெய்து கணினியில் ஏற்றிவைக்கச் சொல்வார்கள். அதில் வானிலை, ‘இப்போது’, ‘சற்று முன்’ போன்ற சொற்கள் வேண்டாம். வெளியே மழை கொட்டும்போது வானம் தெளிவாக இருக்கிறது என்று உங்கள் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஓடிய ஒவ்வொரு பாட்டையும் விளம்பரத்தையும் லாக் என்கிற ஒலிபரப்புப் பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பாட்டைப் படைத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தொகையும், விளம்பரம் கொடுத்தவருக்கு நிலையம் அனுப்பும் கணக்கும் அந்தப் பதிவை வைத்துத்தான். ஒலிபரப்பு உரிமத்தின் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். முதல் வாரத்திலேயே உங்கள் நிலையத்துக்கு உரியதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சத்தம் நின்றுபோனால்

ஒரு நாள் நடக்கும். பாட்டு முடிந்திருக்கும், அடுத்தது ஏறாது, ஹெட்ஃபோனில் ஒன்றும் கேட்காது. இதற்கு ‘டெட் ஏர்’ என்று பெயர். கை நடுங்கும். அப்போது காரணம் தேடாதீர்கள். முதலில் வேறொரு பிளேயரில் எப்போதும் தயாராக இருக்கும் ஒரு பாட்டைப் போடுங்கள் (ஒவ்வொரு ஷிஃப்டின் முதல் வேலை அந்தப் பாட்டை ஏற்றிவைப்பதுதான்). அது வெளியே போகிறதா என்று ரேடியோவில் கேளுங்கள். போனால் மூச்சு விடுங்கள், பிறகு காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஃபேடர் கீழே இருக்கும். பாட்டும் போகவில்லையென்றால் பொறுப்பான தொழில்நுட்பக்காரரை அழையுங்கள். அவர் எண் கைப்பேசியில் இருந்தால் போதாது, சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் நீண்ட விளக்கம் தேவையில்லை. “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்று ஒரு வரி, அடுத்த நிகழ்ச்சி. நேரத்தையும் நடந்ததையும் லாக்கில் எழுதுங்கள்.

நேயரோடும் பேட்டியிலும்

நேயர் அழைத்தால் முதல் வார்த்தை, “ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்”. குறைக்காவிட்டால் அவருடைய ரேடியோச் சத்தம் போன் வழியாக ஊளையிடும். இணையம் வழியாகக் கேட்கிறவர் என்றால் அவர் குரல் பல விநாடி கழித்து அவருக்கே வந்து பேச்சு குழம்பிப்போகும். நேரலையில் சேர்ப்பதற்கு முன் அரை நிமிடமாவது தனியாகப் பேசுங்கள். ஆளையும் மனநிலையையும் அறிய அது போதும்.

“உங்கள் நிலையம் எங்கள் பக்கம் சரியாக வரவில்லை” என்று தினமும் யாராவது சொல்வார்கள். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், நடுவில் குன்று இருந்தால் மறைக்கும், ஆன்டெனாவின் உயரம் முக்கியம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மத்திய அலை நிலையம் என்றால் பகலில் ஒரு தூரம், இரவில் வேறு தூரம். பகலில் அலையை உறிஞ்சும் அயனி அடுக்கு சூரியன் மறைந்ததும் மங்கிவிடுவதுதான் காரணம். அந்த நேயரின் ஊரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், தொழில்நுட்பப் பிரிவுக்கு உதவும். 1920 நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ நிலையம் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியபோது, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று தெரிவிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் நேயரிடம்தான் இன்றும் இருக்கிறது.

பேட்டிக்குப் போகும்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே பதிவுசெய்யுங்கள். வீட்டுக்கு வந்து கேட்கும்போது வெறும் காற்றிரைச்சல் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் அவருடைய பெயரையும் பொறுப்பையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்யுங்கள், உச்சரிப்பு அதிலேயே கிடைத்துவிடும். அவர் பேசும்போது “ம்ம், ஆமாம், சரிங்க” என்று போடாதீர்கள். தலையை ஆட்டினால் போதும். முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் சத்தத்தைப் பதிவுசெய்யுங்கள், எடிட் செய்யும்போது ஒட்டுப்போட உதவும். எடிட்டில் திக்கலை வெட்டலாம். அவர் சொன்ன பொருளை மாற்றும் எதையும் வெட்டக் கூடாது.

விளம்பரம்

நிலையம் ஓடுவது அதில்தான். கடைக்காரரைப் பார்த்து வரச் சொன்னால் முகம் சுளிக்காமல் போங்கள், ஊரைத் தெரிந்துகொள்ள நல்ல வழி. ஆனால் நிகழ்ச்சியில் ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்வதற்காக யாராவது உங்கள் கையில் ஏதாவது கொடுத்தால் வாங்காதீர்கள். அமெரிக்காவில் பணம் வாங்கிக்கொண்டு பாட்டு போட்ட விவகாரம் 1959இல் நாடாளுமன்ற விசாரணை வரை போனது, 1960இல் சட்டமே திருத்தப்பட்டது. விளம்பரம் விளம்பரமாகவே ஒலிக்கட்டும்.

புயல், வெள்ளம், விபத்து

மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் விழுந்த பிறகும் பேட்டரி ரேடியோ பாடும். அந்த நேரத்தில் ஊரே உங்களைத்தான் கேட்கும். அதிகாரப்பூர்வமாக உறுதியானதை மட்டும் சொல்லுங்கள். எந்த நேரத்துத் தகவல் என்பதை ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்லுங்கள். “மாலை 6 மணி நிலவரப்படி பாலம் மூடியிருக்கிறது.” ஏழு மணிக்குத் திறந்திருந்தால் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள், மேசையில் இரண்டு தாள் இருக்கக் கூடாது. கைப்பேசிக்கு வரும் குரல்பதிவை நம்பி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். விபத்தில் இறந்தவரின் பெயர், குடும்பத்துக்குச் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. பெயரைச் சொல்லாமல் வண்டியின் நிறத்தையும் தெருவையும் சொன்னாலும் சின்ன ஊரில் அது பெயர் சொன்னதுதான்.

வாரம் ஒருமுறை

உங்கள் நிகழ்ச்சியின் பதிவை வாரம் ஒருமுறை கேளுங்கள். பாட்டை விட்டுவிட்டு நீங்கள் பேசியதை மட்டும். முதல் மாதம் வேதனையாக இருக்கும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் குறை, ஒவ்வொரு வாக்கியத்தையும் “வந்து” என்று தொடங்கியது. அடுத்தது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கியது. நம் மொழியில் கடைசிச் சொல்தான் வினை, அதை விழுங்கினால் நடந்ததா நடக்கவில்லையா என்றே தெரியாது.

அதிகாலை ஷிஃப்ட் கிடைத்தால் தூக்கத்தைத் திருடி வேறு வேலை பார்க்காதீர்கள். கரகரப்பு மூன்றாம் நாளே குரலில் தெரியும். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். டம்ளரைக் கன்சோலுக்குப் பக்கத்தில் வைக்காமல் தாழ்வான தனி மேசையில் வையுங்கள்.

ஷிஃப்ட் முடியும்போது

உங்களுக்கு அடுத்து வருகிறவரிடம் நின்று பேசுங்கள். வாசிக்காமல் பாக்கி இருக்கும் அறிவிப்புகள், ரத்தானவை, திரும்ப அழைக்க வேண்டிய எண், மக்கர் செய்யும் பொத்தான் எல்லாவற்றையும் வாயாலும் சொல்லுங்கள், லாக்கிலும் எழுதுங்கள். அன்று புதிதாகத் தெரிந்த பெயர்களைப் பெயர் நோட்டில் ஏற்றுங்கள். மைக் ஃபேடர் கீழே இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உங்கள் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஹெட்ஃபோன் சத்தத்தை முழுவதும் குறைத்து வைத்துவிட்டு எழுந்திருங்கள், அடுத்து வருகிறவர் காதில் மாட்டியதும் அதிராமல் இருக்க.